தண்ணீர் காட்டாத கத்தி

இஸ்திரியக்கா வீட்டில் கத்தி கிடையாது. தெருவுக்கு இரண்டு கொல்லுப்பட்டறை இருக்கிற ஊர் அது. வெங்காயத்துக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, ரொட்டிக்கு ஒன்று என்று எந்த வீட்டு அடுக்களையைத் திறந்தாலும் கத்திகள் புரளும். அவளுடைய கூடப்பிறந்த தம்பியே கத்தி அடிக்கிறவன்தான். இருந்தும் அவள் உருளைக்கிழங்கை வேகவைத்துத் தையல்நூலால் அறுப்பாள். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறுநுனியைக் கையில் இழுத்துப் பிடித்து, விறுவிறுவென்று வில்லை போடுவாள். வெங்காயத்தைக் கல்லால் நசுக்குவாள், பீன்ஸைக் கையால் ஒடிப்பாள், கீரையைக் கிள்ளுவாள். மீன் கடையிலேயே துண்டாகி வரவேண்டும்.

"கருமி. கத்தி தேஞ்சு போயிடும்னு பயப்படுறா" என்று எதிர்வீட்டுக்காரி சொன்னது அவள் காதிலும் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள். கருமி என்ற பெயர் நல்ல பெயர். அதன் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

அவள் ஒளித்து வைத்தது புருஷனை. ஊர் அவரைப் பட்டாளத்தார் என்று கூப்பிடும். போருக்குப் போனார், கூடப் போன தன் பிரிவு ஆட்களில் முக்கால்வாசிப் பேரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வந்த மனிதர் சாப்பிட்டார், நடந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆள் சரியாகிவிட்டார் என்று அவள் நம்பத் தொடங்கிய ஒரு மத்தியானம், சந்தையிலிருந்து வந்து பின்கதவைத் திறந்தால், அவர் தண்ணீர்த்தொட்டி ஓரம் உட்கார்ந்திருக்கிறார். கையில் காய் நறுக்கும் கத்தி. காய் எதுவும் பக்கத்தில் இல்லை.

அவள் கூச்சல் போடவில்லை. எப்படியோ கத்தியை வாங்கிவிட்டாள். அன்றைக்கே வீட்டிலிருந்த கத்தி, சவர பிளேடு, டப்பா திறப்பான் எல்லாவற்றையும் ஒரு தகரப்பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். கடைசியாகத் தன் தையல் கத்தரிக்கோலையும் போட்டாள். அந்த வட்டாரத்தில் சட்டைக் கழுத்துப்பட்டை வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கத்தரிக்கோல் இல்லாமல் தைக்க முடியுமா? மெஷினை மூலையில் தள்ளித் துணி போட்டு மூடிவிட்டு, கரிப்பெட்டி ஒன்று வாங்கி, பிறத்தியார் தைத்த சட்டைகளைத் தேய்க்க ஆரம்பித்தாள். கண் மங்கிவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டாள். தம்பிக்கும் அதேதான் சொன்னாள்.

பட்டாளத்தார் அவளுக்கு மடித்துக் கொடுப்பார். அவர் மடித்த சட்டைகளை அடுக்கினால் சுவர் எழுப்பின மாதிரி இருக்கும். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். தாடி முடிவெட்டுகிறவர் கடையில் மாதத்துக்கொரு முறை குறையும். ராத்திரிகளில் எப்போதாவது கத்துவார். கிணற்றுக்குள்ளிருந்து யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். தெருவில் ஒரு ஜன்னல் சாத்திக்கொள்ளும். மறுநாள் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்காததற்கு நாசூக்கு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், மகராசர்கள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் விழாக் கமிட்டிச் செயலாளர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். நல்ல வெயில். அவள் கரியை விசிறிச் சாம்பலை ஊதிவிட்டுக்கொண்டிருந்தாள். பட்டாளத்தார் உள்ளே முக்காலியில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சேதி கொண்டாந்திருக்கேன்க்கா. நம்ம பட்டாளத்தாருக்கு ஊர் மரியாதை பண்ணப் போகுது."

"என்ன திடீர்னு?"

"புது மண்டபம் திறக்கிறோம்ல. வெறும் மண்டபம் மட்டும் திறந்தா எடுப்பா இருக்காதுன்னு தலைவர் சொன்னாரு. அதோட ஒரு வீரரையும் சேத்து கௌரவிச்சிட்டா..."

"கொசுறா?"

"சேச்சே! என்னக்கா நீங்க. மேடையில அவருக்கு நடு நாற்காலி. தலைவருக்கு அடுத்த நாற்காலி."

"அப்ப நடு நாற்காலி எப்படி ஆகும்?"

செயலாளர் சிரித்து மழுப்பினார். "பரிசு என்னன்னு கேளுங்க. நம்ம ஊர்ப் பேரைச் சொல்ற மாதிரி, கையால அடிச்ச கத்தி! இம்மாம் நீளம். கண்ணாடிப் பெட்டி. கத்தி மேல எழுத்து வெட்றோம், 'வீரத்தின் கூர்மை என்றும் மங்காது'ன்னு. நான் எழுதினதுதான். யாரு செய்யறான்னு நெனைக்கிறீங்க? உங்க தம்பிதான்."

கருகல் வாடை வந்த பிறகுதான், பேச்சுவாக்கில் சட்டைமேல் வைத்த இஸ்திரிப்பெட்டி ஒரே இடத்தில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. யாருடைய வெள்ளைச் சட்டையோ, முதுகில் பழுப்பாக முக்கோணம் விழுந்துவிட்டது.

"கத்தி வேண்டாம் சார். கடிகாரம் குடுங்க. போர்வை குடுங்க."

"போர்வையா? வீரருக்கா? நல்லா இருக்கே! நீங்க என்ன சொல்றீங்கய்யா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

பட்டாளத்தார் சட்டைக் கையை நீவி மடித்து, "சரி" என்றார்.

செயலாளர் போனதும் அவள் உள்ளே வந்தாள். "ஏன் சரின்னீங்க?"

"வேண்டாம்னா ஏன்னு கேப்பான்."

"கேட்டா?"

"ஏன்னு என்னத்தச் சொல்றது?" என்று அவர் அடுத்த சட்டையை எடுத்தார்.

ஒரு மனுஷன் கத்தினபோது ஜன்னலைச் சாத்தின ஊர், இப்போது அவன் கையில் கொண்டுவந்து கத்தியைக் கொடுக்கிறது, கண்ணாடிப் பெட்டியில் வைத்து. வாங்காவிட்டால் ஏன் என்று சொல்லவேண்டும். வாங்கினால் வீட்டில் வைக்கவேண்டும். ஊர் கொடுத்த மரியாதையைத் தகரப்பெட்டியில் போட்டுப் பூட்டவும் முடியாது. பார்க்க வருகிறவனெல்லாம் எங்கே கத்தி, எங்கே கத்தி என்பான். கருகின சட்டைக்குச் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவள் நேரே பட்டறைக்கு நடந்தாள்.

தம்பி உலைக்கு முன்னால் நின்றான். பழைய லாரியின் வில்பட்டையை வெட்டி எடுத்த இரும்பு அது. பழுத்துச் சிவந்ததை இடுக்கியில் பிடித்துப் பட்டடைமேல் வைத்து அடித்தான். ஓங்கி நாலு, தட்டி ஒன்று, திருப்பி மறுபடி ஓங்கி நாலு. ஒவ்வொரு அடிக்கும் இரும்பு செதில் உதிர்த்தது. அவனுடைய இடது முன்கையில் ஒரு மயிர் கிடையாது. அடித்த கத்தியை எல்லாம் முதலில் அங்கேதான் மழித்துப் பார்ப்பான். மழிக்காத கத்திக்குத் தன் முத்திரையைக் குத்தமாட்டான். அப்பன் வைத்த வழக்கம் அது.

"வாக்கா! மாமாவுக்குத்தான் அடிச்சிட்டிருக்கேன். பாரு, வளைவு எப்படி விழுந்திருக்கு! இந்த மாதிரி ஒண்ணு நான் அடிச்சதேயில்ல."

"அழகா இருக்கு. இதுக்குத் தண்ணி காட்டாத."

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். "என்னது?"

"தண்ணில முக்காத. தீட்டவும் தீட்டாத. விளிம்பை அப்படியே மொண்ணையா விடு."

"ஏன்க்கா, வெயில்ல வந்தியா? தண்ணி காட்டலைன்னா அது வெறும் தகடு. ஒருதரம் தீட்டினாலும் கூர் நிக்காது, மடங்கிக்கும்."

"அதான் வேணும். சும்மா தீட்டாம விட்டா எவனாவது சாணை பிடிச்சுக் குடுத்துடுவான். எப்பவுமே அது கத்தி ஆகக்கூடாது."

"என் முத்திரை விழற எடம்க்கா அது. ஊரே பாக்கப் போவுது. கொல்லன் அக்கா பேசற பேச்சா இது? மாமாவுக்குச் செய்யறதுல போயி நான் களவாணித்தனம் பண்ணணுமா?"

"பண்ணுடா."

"மாட்டேன்."

"பண்ணுடான்னா!" என்று அவள் போட்ட சத்தத்தில் துருத்தியின் மூச்சே நின்ற மாதிரி இருந்தது. பிறகு தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து, கூடப்பிறந்தவனுக்கும் இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னாள். பின்கதவு, தண்ணீர்த்தொட்டி, கத்தி, பக்கத்தில் காய் இல்லாதது. தகரப்பெட்டி. கத்தரிக்கோல். கண் மங்கவேயில்லை என்பது.

கேட்டு முடித்தவனுக்கு முதலில் வந்தது கோபம்தான். "ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப?"

"வாரத்துக்கு ஒருதரம் வந்து மாமாவை இங்க பட்டறைக்குக் கூட்டிட்டு வந்திருப்பேனேக்கா! தீப் பக்கம் உக்காருங்க மாமா, தண்ணிப் பக்கம் உக்காருங்க மாமான்னு..." சொல்லிக்கொண்டே வந்தவன் சுவரைப் பார்த்து நிறுத்தினான். சுவர் முழுக்கக் கத்திகள் தொங்கின. அவற்றில் பாதியை அவனே மாமாவுக்குக் காட்டிப் பெருமை அடித்திருக்கிறான், எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறான்.

அவன் இரும்பை மறுபடி உலையில் போட்டான். பழுத்ததும் எடுத்தான். தண்ணீர்த்தொட்டி அவன் வலப்பக்கம் இருந்தது. பழக்கத்தில் உடம்பு அந்தப் பக்கம்தான் திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பி, சாம்பல் குழியில் கத்தியைப் புதைத்தான். மெள்ள ஆறி மெத்தென்று ஆகட்டும் என்று விட்டான். அதன் பிறகு பளபளப்பு ஏற்றி, விளிம்பைக் காசுக் கனத்தில் விட்டு, செயலாளரின் எழுத்துகளை வெட்டி, அடியில் தன் முத்திரையைக் குத்தினான். குத்தும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கப்போற கத்திதானே. எவன் வெட்டிப் பாக்கப்போறான்" என்று அவள் சொன்னாள். அவனும் ஆமாம் என்றான். இரண்டு பேரும் தலைவரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

விழாவன்று மண்டபத்தில் சுண்ணாம்பு வாடை போகவில்லை. தலைவர் தாமதமாக வந்தார். வந்ததும் பேசினார். மண்டபத்துக்கு மண் கொட்டியதிலிருந்து ஆரம்பித்து, தன் தகப்பனாரின் பெருமைக்குப் போய், வீரரைப் பற்றிச் சொல்லவந்தபோது அவர் போகாத போர்முனையின் பெயரைச் சொல்லி, அங்கே எதிரிகளை இவர் கத்தியால் பாய்ந்து பாய்ந்து குத்தினார் என்றார். பட்டாளத்தார் போரில் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டியவர். கூட்டம் விசிலடித்தது. நாற்காலியில் அவருடைய முழங்கால் ஆடத் தொடங்கியதை அவள் முதல் வரிசையிலிருந்து பார்த்தாள்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கத்தியை அவர் கையில் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். தலைவருக்கு அப்போதுதான் யோசனை உதித்தது.

"ரிப்பனை நான் வெட்றதாத்தான் ஏற்பாடு. நான் யாருங்க? இதோ இருக்காரு வீரர், கையில இருக்கு கத்தி! அவரே வெட்டட்டும்!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பட்டாளத்தார் எழுந்தார். மேடையின் குறுக்கே கட்டியிருந்த சிவப்பு ரிப்பன்மேல் கத்தியை வைத்து அழுத்தினார். ரிப்பன் தொய்ந்தது. இழுத்தார். மறுபடி இழுத்தார். ரிப்பன் கத்தியோடு போய்விட்டுக் கத்தியோடு திரும்பி வந்தது. முன்வரிசையில் ஒருவன் களுக்கென்றான். அது பின்வரிசை வரை பரவ எத்தனை நேரம் ஆகும்?

பட்டாளத்தார் கட்டைவிரலை விளிம்பில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பின்சுவரோரம் நின்ற மச்சானைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "பரவால்ல, பரவால்ல. நம்ம கொல்லர் இரும்புல கொஞ்சம் கைவெச்சிட்டாரு போலிருக்கு. இனிமே அவர்கிட்ட யாரும் கத்தி வாங்குறப்ப ரிப்பனோட போங்கய்யா!"

மண்டபமே சிரித்தது. தம்பி தரையைப் பார்த்தபடி நின்றான். வாய் திறக்கவில்லை. அவன் திறக்கமாட்டான், அதுவும் அவளுக்குத் தெரியும். இந்தச் சிரிப்பு நாளைக்குப் பட்டறைக்கு வரும், அடுத்த வாரம் சந்தைக்குப் போகும், அவன் பிள்ளை காலத்திலும் 'ரிப்பன் கொல்லன்' என்று கூடவே வரும். சொல்லிவிட்டால் தம்பி தப்பிப்பான், புருஷன் கதை சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால் தம்பி போவான். அவள் எழுந்துவிட்டாள். எழுந்தவளுக்கு எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை.

அவளுக்கு முன்னால் மேடையிலிருந்து குரல் வந்தது.

"சிரிக்காதீங்க." பட்டாளத்தார் தலைவர் கையிலிருந்து மைக்கை வாங்கியிருந்தார். "அவன் மேல தப்பில்ல. இந்த ஊர்லயே நல்ல கத்தி அடிக்கிறவன் அவன்தான். கத்தி வெட்டாததுக்குக் காரணம் நான். என் வீட்ல கத்தி ஆகாது. நான் ஒருதரம் என்னையே முடிச்சுக்கப் பாத்தவன். அதுலேர்ந்து என் பொண்டாட்டி நூலால கிழங்கு அறுக்கறா. கருமின்னு பேரு வாங்கிட்டுச் சும்மா இருக்கா. தையலை விட்டுட்டா. இதெல்லாம் தெரியாம ஒரு கத்தியைச் செஞ்சு எடுத்துட்டு வந்துட்டீங்க. ஒருத்தராவது வீட்டுக்குள்ள வந்து, ராத்திரி ஏன்யா கத்தினேன்னு கேட்டிருக்கீங்களா? கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம்ல?"

அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரிப்பனை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். முடிச்சோடு பிய்ந்துகொண்டு வந்தது.

தலைவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு கைதட்ட ஆரம்பித்தார். "என்ன ஒரு எளிமை! என்ன ஒரு மனசு!" என்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் தட்டினார்கள். பாவிகள், எழுந்து நின்று தட்டினார்கள்.

அவள் மேடையேறிப் புருஷன் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் தம்பி சேர்ந்துகொண்டான். மூன்று பேரும் நடந்தார்கள். பட்டறைத் தெரு முனையில் பட்டாளத்தார் மச்சானின் தோளில் கைவைத்து, "வளைவு நல்லா விழுந்திருக்குடா" என்றார். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி காட்டியிருந்தா இன்னும் நல்லாருக்கும் மாமா" என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் செயலாளர் வந்தார். மேடையில் விட்டுப்போன காலிக் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். அவள் அடுப்படியில் கிழங்கு வேகவைத்து இறக்கியிருந்தாள். பல்லில் நூல்.

"தலைவர் ரொம்ப உருகிப்போயிட்டாருக்கா. உடனே சொல்லிட்டாரு. இந்த மொண்ணைக் கத்தி வீரருக்கு அவமானம், அதைத் திருப்பி வாங்கிட்டு வாங்க, வேற பட்டறையில சொல்லி நல்ல கூரா ஒண்ணு செஞ்சு தலைவரே நேர்ல வந்து..."

நூல் அவள் பல்லிலிருந்து விழுந்தது.

"என்ன சொன்னீங்க?"

"நல்ல கூரா, ரிப்பன் என்ன, தலைமுடியே..."

"யோவ், உனக்குக் காது இருக்கா, இல்ல கண்ணாடி மாட்டறதுக்கு வெச்சிருக்கியா? ஒரு மனுஷன் மைக்குல நின்னு தோலை உரிச்சுப் போட்ட மாதிரி சொன்னாரு. ஊரே கேட்டுச்சு. கேட்டுட்டு கைதட்டிட்டு, கூரா ஒண்ணு கொண்டாரேன்ங்கற! எதுக்குய்யா கூரா? மிச்சத்தையும் முடிக்கவா? அவரு கத்துறப்ப ஜன்னலைச் சாத்தினதுல உன் வீட்டு ஜன்னலும் ஒண்ணு. சத்தம் எனக்குத் தெரியும்யா, உன் கீல் மட்டும் கிறீச்சுங்கும். அதுக்கு முதல்ல எண்ணெய் போடு, போ!"

பேசின வேகத்தில் மேசைமேலிருந்த விழாக் கத்தியை எப்போது கையில் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வெண்ணெயைக்கூட வெட்டாத கத்தி. செயலாளர் அதைப் பார்த்துக் கண்ணாடிப் பெட்டியைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினார். செருப்பு ஒன்று தெருவில் கிடந்தது.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பட்டாளத்தார் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! அவளும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கி, சாப்பாடும் முடிந்த பிறகு அவள் கத்தியைத் தகரப்பெட்டியில் வைக்கப் போனாள். கழுத்திலிருந்து சாவியை எடுத்தபோது அவர் சொன்னார்: "சாவி வேண்டாம். பின்பக்கக் கீலைப் பாரு."

பார்த்தாள். கீலின் ஆணி ஒரு விரலுக்கே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. முன்னால் பூட்டு பூட்டினபடி இருக்க, மூடி பின்பக்கமாகத் திறந்துகொண்டது. உள்ளே துருவேறிய கத்திகளும் அவளுடைய கத்தரிக்கோலும் கிடந்தன.

"எப்பலேர்ந்து?"

"நீ பூட்டின ரெண்டாவது மாசமே கழண்டுடுச்சு."

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

அவளுக்குத் தலைக்கேறியது. தலைவர்மேல் வந்த கோபமெல்லாம் இதற்குமுன் ஒன்றுமேயில்லை. "தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தீங்க? என் தையலை விட்டேன். பல்லு தேயறவரைக்கும் நூலைக் கடிச்சேன். சாவியைக் கழுத்துல கட்டிக்கிட்டு ராத்திரியெல்லாம் தடவித் தடவிப் பாத்துப் படுத்தேன். திறந்த பெட்டிக்கா காவல் காத்தேன்? சொல்லியிருந்தா வேற பூட்டு வாங்கியிருப்பேனே!"

"பூட்டு என்னைத் தடுக்கலை" என்றார் அவர். அவருக்கும் குரல் உயர்ந்திருந்தது. "தினமும் படுக்கறதுக்கு முன்னாடி நீ அதை இழுத்துப் பாப்ப. டக்குனு ஒரு சத்தம் வரும். நமக்காக ஒருத்தி எழுந்து போயி இழுத்துப் பாக்கறாளேன்னு இருக்கும். அது கேட்டாத்தான் எனக்குக் கண்ணு மூடும். சொன்னா இழுக்கறத விட்டுடுவியோன்னு..."

அவள் கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்து, இரண்டு விரலைக் கொடுத்துத் திறந்து பார்த்தாள். கிறீச்சிட்டது, ஆனால் திறந்தது. விரல்களுக்கு அது மறக்கவில்லை.

"இதை வெளிய வெச்சுக்கட்டுமா?"

அவர் வெகுநேரம் கத்தரிக்கோலையே பார்த்தார். "இன்னிக்கு வேண்டாம்" என்றார்.

சரி என்று அதை உள்ளே வைத்தாள். மேலே ஊர் கொடுத்த கத்தியை வைத்தாள். கீல் ஆணியைச் செருகி, மூடியைச் சாத்தி, பூட்டை ஒருமுறை இழுத்தாள். அவர் உள்ளறைக்குப் போய்ப் படுத்துவிட்டிருந்தார்.

"கேக்கலை" என்றார் அங்கிருந்து.

அவள் பூட்டை இரண்டு கையாலும் பிடித்து, தலைவருக்கும் செயலாளருக்கும் எழுந்து நின்று கைதட்டின அத்தனை பேருக்கும் சேர்த்து ஓங்கி இழுத்தாள். இந்த முறை தெருவுக்கே கேட்டிருக்கும்.